தீராத வலிக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை: ஆளுக்கேற்ற அளவு ஏன் முக்கியம்?



அக்கி ஆறிய பிறகும் விலாவில் எரிச்சல் தீராத உம்மா, பக்கவாதத்தில் தளர்ந்த கையில் ஓயாத குத்தலுள்ள வாப்பா, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற பிறகும் உடம்பெல்லாம் வலிக்கும் மருமகள். இப்படிப்பட்டவர்கள் நமது ஜமாஅத்துகளில் பலர் உண்டு. "சும்மா சொல்றா" என்ற பேச்சு அவர்களை இன்னும் நோகடிக்கிறது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்போமே, அதுபோலத்தான் இது. புண் ஆறினாலும் நரம்புகளும் மூளையும் வலியை உணர்த்திக்கொண்டே இருக்கும். எனவே அந்த வலி பொய்யல்ல.

மருந்தில் அடங்காத இத்தகைய வலிக்கு, கத்தி படாமல் மூளையைத் தூண்டும் சிகிச்சைகள் வந்துள்ளன. ஒன்று டி.எம்.எஸ். எனும் காந்தத் தூண்டல். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கியது. தலையருகே வைக்கும் கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பு மண்டையோட்டைக் கடந்து நரம்புகளைத் தூண்டும். மற்றொன்று, தலையில் ஈரப் பஞ்சு வைத்து 1 அல்லது 2 மில்லியாம்பியர் அளவுக்கு மெல்லிய மின்சாரம் செலுத்துவது. இரண்டுமே மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் 'ஷாக்' சிகிச்சை அல்ல.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள், ஃபைப்ரோமயால்ஜியா எனும் உடல்முழு வலியுள்ள 90 பேரிடம் காந்தத் தூண்டலைச் சோதித்து 2020-ல் முடிவை வெளியிட்டனர். 4 வாரங்களில் 20 அமர்வுகள். பாதிப் பேருக்கு உண்மைத் தூண்டல், பாதிப் பேருக்கு வெறும் பாவனை. உண்மைத் தூண்டல் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது.

ஆனால் அதே முறை எல்லோருக்கும் பொருந்தாது. எய்ம்ஸ் ஆய்வில் தூண்டியது முன்மூளையின் வலப்பக்கத்தை. நரம்பு வலிக்குப் பெரும்பாலும் தூண்டுவது, கை கால் அசைவை நடத்தும் பகுதியை; அதுவும் வலிக்கு எதிர்ப்பக்கத்தில். தையல்காரர் ஆளைப் பார்த்து அளவெடுப்பதுபோல இங்கும் அளவெடுக்க வேண்டும். துடிப்பைச் சிறிது சிறிதாகக் கூட்டி, கட்டைவிரல் எப்போது துடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த அளவு வேறு. அதை வைத்தே சிகிச்சை அளவை முடிவு செய்வார்கள். யாருக்குப் பலன் தரும் என்பதை ஸ்கேன் மூலம் முன்கூட்டியே அறியவும் முயற்சி நடக்கிறது; அது இன்னும் உறுதியாகவில்லை. சிலருக்குப் பலனே இராது.

ஆகவே "இத்தனை நாளில் குணம்" என்று உறுதி சொல்லிப் பணம் கேட்டால், நகையை அடகு வைக்கும் முன் கேளுங்கள்:

• எங்கள் வலியின் வகை என்ன?
• மூளையின் எந்தப் பகுதியைத் தூண்டுவீர்கள்?
• அளவை எப்படி முடிவு செய்வீர்கள்?
• எத்தனை அமர்வு, மொத்தச் செலவு எவ்வளவு?
• பலன் இல்லையென்றால் எப்போது நிறுத்துவீர்கள்?

வலிப்பு நோய், தலைக்குள் உலோகம், காதில் காக்ளியர் கருவி, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உண்ணும் மருந்துகளையும் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

முதலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ வலியின் காரணத்தைக் கண்டறியுங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் இக்கருவிகளை மனநலப் பிரிவிலும் பயன்படுத்துகிறார்கள். அங்கே அனுப்பினால் கூச்சப்பட வேண்டாம். உங்கள் வலி கற்பனை என்று அதற்குப் பொருளல்ல.

மருத்துவம் தேடுவது நபிவழி. வீட்டில் வலியோடு இருப்பவரின் சொல்லை நம்புவோம். அதுவே நாம் செய்யக்கூடிய முதல் உதவி. வல்ல அல்லாஹ் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக, ஆமீன்.