கயல்விழிக்கு: குரூஸர் சைக்கிளின் சீட் உயரம்

அன்புள்ள கயல்விழிக்கு,

டேவிஸில் வகுப்புக்குப் போய்வர ஒரு பழைய குரூஸர் சைக்கிள் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 1967இலேயே சாலையில் கோடு போட்டு சைக்கிளுக்கென்று தனித்தடம் ஒதுக்கிய ஊர் அது. அமெரிக்காவில் அதுதான் முதல். மேடு பள்ளம் இல்லாத சமவெளி வேறு. குரூஸர் ஓட்ட அதைவிடத் தோதான ஊர் அமையாது.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதியும்படி சீட்டை இறக்கி வைத்துவிட்டாய். சில நாளாக முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. இவை இரண்டும் தனித்தனிச் செய்தி இல்லை, அம்மா. முதலாவதால்தான் இரண்டாவது.

சீட் தாழ்ந்திருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. அப்படி மடங்கிய நிலையில் அழுத்தி மிதித்தால் முழங்கால் சில்லின் மேல் பாரம் ஏறுகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று என்று வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் ஒவ்வொரு காலும் 600 முறை இதைத் தாங்கவேண்டும். சீட் அதிகமாக ஏறிவிட்டாலும் தொல்லைதான்: கீழே போகும் பெடலை எட்டிப் பிடிக்க இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும், முழங்காலின் பின்பக்கம் இழுக்கும். ஆகவே சீட்டின் உயரத்தை முடிவு செய்வது பெடலுக்கும் உன் இடுப்புக்கும் உள்ள தூரம். தரை எட்டுகிறதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி. குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள் நாம். சீட்டில் உட்கார்ந்தால் கால் ஊன்ற வேண்டும் என்ற ஆசை எளிதில் போகாது. புரிகிறது. இருந்தாலும் அந்த ஆசைக்கு முழங்காலைப் பலி கொடுக்கக்கூடாது.

குரூஸர் என்றாலே சீட் தாழ்ந்துதான் இருக்கவேண்டும் என்று உன் தோழிகள் சொன்னார்களாம். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். சிகாகோவின் ஷ்வின் கம்பெனி 1933இல் இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பருமனான டயர் போட்டு, மோட்டார் சைக்கிள் சாயலில் சிறுவர்களுக்காக ஒரு வண்டியை இறக்கியது. இன்றைய குரூஸர்களின் பரம்பரை அதிலிருந்துதான் வருகிறது. தாழ்ந்த சீட்டின் மேலுள்ள மோகம் அந்த மோட்டார் சைக்கிள் சாயலோடு ஒட்டிக்கொண்டது என்றே நினைக்கிறேன். 1970களில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மவுண்ட் டமல்பாயஸ் பக்கம், சில இளைஞர்கள் இந்தப் பழைய வண்டிகளைச் செப்பனிட்டு மண்பாதையில் மலையிறங்கினார்கள். மவுண்டன் பைக் பிறந்த கதை அது. இறங்கும்போது சீட்டைத் தாழ்த்திக்கொள்வதும் மிதிக்கும்போது உயர்த்திக்கொள்வதும் அந்த விளையாட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது. இதற்காகவே ஜோ பிரீஸ் என்பவர் தன் நண்பரோடு சேர்ந்து, சீட்டைத் தானாக மேலே தூக்கும் ஒரு ஸ்பிரிங்கை 1980களில் செய்து விற்றார். தாழ்ந்த சீட் மலையிறக்கத்துக்கு உரியது. டேவிஸில் ஏது மலை?

சரி, அளவுக்கு வருவோம். நீ வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொள். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி சீட்டில் முழுப் பாரமும் போட்டு உட்கார். இது முக்கியம். குரூஸர் சீட்டுக்கு அடியில் தடித்த ஸ்பிரிங் இருக்கும். ஆள் உட்கார்ந்ததும் சற்று அமுங்கும். வெறும் சீட்டை டேப் வைத்து அளந்தால் அந்த அமுக்கம் கணக்கில் வராது. இப்போது பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வை. இடுப்பு சாயாமல் கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு வழக்கம்போல் முன்பாதத்தால் மிதித்துப் பார். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். 25 முதல் 35 பாகை வரை என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. குரூஸரில் நிமிர்ந்து உட்காருவதால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மடங்கினாலும் பாதகமில்லை.

கவட்டிலிருந்து தரை வரையிலான கால்நீளத்தை 109 சதவீதமாக்கி, ஆகக் கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை அந்த உயரத்தை வை என்றும் சிலர் சொல்வார்கள். 75 செ.மீ. கால்நீளத்துக்கு ஏறத்தாழ 82 செ.மீ. வரும். முழு வேகத்தில் மிதிப்பவர்களுக்கான கணக்கு அது. நீ அதை உச்ச வரம்பாக வைத்துக்கொள், அதற்கு மேல் போகாதே.

உன் வண்டி எந்த ரகம் என்றும் பார்த்துக்கொள். எலெக்ட்ரா போன்ற சில கம்பெனிகள் பெடலைச் சீட்டுக்கு வெகு முன்னால் தள்ளி வைத்து வண்டி செய்கின்றன. அவற்றில் கால் முன்பக்கமாக நீள்வதால், முழங்காலுக்கும் இடம் கிடைக்கும், பாதமும் தரையில் பதியும். உன்னுடையது அந்த ரகமானால் உன் ஆசை நியாயமானதே. குதிகால் சோதனை மட்டும் போதும். ஆனால் அதில் சீட் குழாய் மிகவும் சாய்ந்திருக்கும். 3 செ.மீ. ஏற்றினால் சீட் ஒரு செ.மீ.க்கு மேல் பின்னாலும் போகும். ஹேண்டில்பார் எட்டாமல் முதுகு வளைகிறதா என்று கவனி.

அப்படி இல்லாத பழைய ரகமானால் சீட்டில் இருந்தபடி நுனிவிரல்தான் தரையைத் தொடும். நிறுத்தும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி ஒரு காலை ஊன்று. பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வண்டிதானே? அதில் நின்ற பிறகு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி மேலே கொண்டுவர முடியாது. அதனால் நிற்கும்போதே, அடுத்து மிதிக்கப்போகும் காலின் பெடல் முன்பக்கம் சற்று மேலே இருக்கும்படி நிறுத்தப் பழகு. ஆளில்லாத இடத்தில் பழகினால் விரைவில் கைவந்துவிடும்.

சீட்டைத் தாங்கும் தண்டில், நம் ஊர்க் கடைக்காரர்கள் சீட் பில்லர் என்பார்களே அதில், ஒரு வரை கீறியிருக்கும். அந்த வரை எப்போதும் குழாய்க்குள்ளேயே மறைந்திருக்கவேண்டும். வெளியே தெரிந்தால் தண்டு முறியலாம், ஃபிரேமும் பிளக்கலாம். உயரம் போதவில்லை என்றால் நீளமான தண்டு வாங்கிக்கொள். 25.4, 27.2 என்று விட்டம் மில்லிமீட்டரில் அதன் அடியிலேயே பொறித்திருக்கும்; புதியது அதே எண்ணாக இருக்கவேண்டும். புள்ளி இரண்டு குறைந்தாலும் எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கி இறங்கும்.

ஒரேயடியாக ஏற்றிவிடாதே. அரை செ.மீ. ஏற்றி, இரண்டு நாள் ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த அரை. சரியான இடம் வந்ததும் தண்டைச் சுற்றி டேப் ஒட்டிவை. யாராவது இரவல் வாங்கி மாற்றினாலும் திரும்ப வைத்துவிடலாம். உயரத்தைச் சரிசெய்தும் வலி நீடித்தால் பல்கலைக்கழக மருத்துவரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. ஆகக் கீழே இருக்கும் பெடலிலிருந்து சீட்டின் மேல்வரை எத்தனை செ.மீ. வந்தது என்பதை அடுத்த கடிதத்தில் எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா