சுண்டலோடு திரும்பிய கிண்ணம்

கேள்வி:

குரோம்பேட்டையில் பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் முதல் மாடியில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழ்வீட்டில் ஓர் அக்கா. பத்தொன்பது வருஷப் பழக்கம். ரோமன் கத்தோலிக்கராகப் பிறந்தவர். வேளாங்கண்ணிக்குப் போனால் எங்களுக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவார். நான் குமரன் குன்றத்துக்குப் போய்வந்தால் பிரசாதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். கொலுவுக்கு முதல் ஆளாக வந்து உட்காருவார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் மகனுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அதற்குப் பிறகு ஏதோ ஒரு சபைக்குப் போக ஆரம்பித்தார். கம்மல், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார். போன கொலுவுக்குக் கொடுத்தனுப்பிய சுண்டலை, “தப்பா நினைக்காதம்மா” என்று சொல்லி என் மருமகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக்கும் அச்சுமுறுக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தன. நாங்கள் சாப்பிட்டோம்.

பிறகு என் வீட்டுக்காரருக்கு இருதயத்தில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த அக்கா, அவர் தலையில் கைவைத்து ஜெபம் செய்தார். அதுவரைக்கும் சரி. “இயேசுவை ஏத்துக்கங்கண்ணா, நேரம் எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி முழுக்க என் வீட்டுக்காரர் தூங்கவில்லை. இது போதாதென்று வெள்ளிக்கிழமைதோறும் கீழ்வீட்டில் உபவாச ஜெபம்; மைக், கீபோர்டு, கைத்தட்டல், மூன்று மணி நேரம்.

“காசு குடுத்து மாத்திட்டாங்கம்மா, விடு” என்கிறான் என் மகன். எனக்கு விட மனசு வரவில்லை. இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்:

சகோதரி, ஆஸ்பத்திரியில் நடந்ததும் மைக்கும் பெரிய விஷயங்கள்தான். ஆனாலும் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வலித்த இடம் அந்தச் சுண்டல். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்ப வேண்டும் என்பது நம் வீடுகளின் வழக்கம். உங்கள் கிண்ணம் கொடுத்த சுண்டலோடேயே திரும்பி வந்திருக்கிறது. கேக் வந்தது, சுண்டல் போகவில்லை. வாங்கவும் கொடுக்கவுமாக இருந்த உறவில் ஒரு பக்கக் கதவு மட்டும் சாத்திக்கொண்டதாக உங்களுக்குப் படுகிறது. அப்படிப் படுவது நியாயம்தான்.

நான் பல்லாவரத்தில், தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவன். சமயங்களைப் பற்றி முப்பது வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவன். அதனால் கீழ்வீட்டுக்குள் என்ன நடந்திருக்கும் என்பதை ஓரளவு உள்ளேயிருந்து சொல்ல முடியும்.

படைத்த பண்டத்தைச் சாப்பிடலாமா என்ற கேள்வி கிறிஸ்தவத்தில் ஏறக்குறைய 2000 வருஷம் பழையது. கிரேக்க நாட்டின் கொரிந்து நகரத்தில் கோயில்களில் பலியிட்ட இறைச்சி கடைத்தெருவுக்கு வரும். அதைத் தின்னலாமா என்று அங்கிருந்த புதுக் கிறிஸ்தவர்களுக்குள் சண்டை. திருத்தூதர் பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில், எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும் இதற்குப் பதில் இருக்கிறது. கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கித் தின்னுங்கள் என்கிறார். விசுவாசியில்லாத ஒருவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போய், இலையில் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறார். ஆனால் யாராவது, இது படைத்தது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டால் தின்ன வேண்டாம் என்கிறார். உன் மனசாட்சிக்காக அல்ல, அதைச் சொன்னவருடைய மனசாட்சிக்காக என்று அதற்குக் காரணமும் சொல்கிறார்.

உங்கள் அக்கா இதில் பிற்பாதியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். கொலுச் சுண்டல் படைத்தது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சாமியை அவர் இளக்காரம் செய்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நோன்பு இருப்பவர் சோற்றை மறுத்தால் சமைத்தவர்மேல் கோபம் என்று அர்த்தமா? அவர் தன் கையைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார். கேக்கை உங்களுக்குத் தயக்கமில்லாமல் அனுப்புகிறாரே என்றால், அது அவருக்கு வெறும் தின்பண்டம். படைத்ததல்ல.

அப்படியானால் முன்னால் மட்டும் பிரசாதத்தை எப்படி வாங்கிக்கொண்டார்? தமிழ்நாட்டுக் கத்தோலிக்கம் இந்த மண்ணோடு வெகுகாலமாகக் கலந்து வளர்ந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காவி உடுத்து, சந்தனம் பூசி, மரக்கறி மட்டும் உண்டவர். கொடியேற்றம், தேர், மொட்டை எல்லாம் வேளாங்கண்ணியில் இன்றும் உண்டு. 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மற்ற மதங்களில் உண்மையும் புனிதமுமாக இருக்கும் எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்ற கருத்தை எழுத்திலேயே வைத்தது. அக்கா வளர்ந்த வீடு அது. இப்போது போய்ச் சேர்ந்திருப்பது பெந்தெகொஸ்தே வழியில் வந்த ஏதோ ஒரு சபை என்று கம்மலைக் கழற்றியதிலிருந்து ஊகிக்கிறேன். அந்த வழக்கமும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1924-ல் இலங்கையில் தொடங்கிய பெந்தெகொஸ்தே மிஷன் தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில்தான் தலைமையகம் வைத்திருக்கிறது. வெள்ளை உடுத்தி, பொட்டுத் தங்கம் இல்லாமல் நடந்துபோகிறவர்களை நீங்களே ஜி.எஸ்.டி. சாலையில் பார்த்திருப்பீர்கள். அக்காவின் சபைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. இப்படி வழி மாறியவர் முதலில் கோடு கிழிப்பது அக்கம்பக்கத்தாரிடம் அல்ல, பிறந்த வீட்டாரிடம்தான். அவர் வீட்டுச் சுவரில் முன்பு இருந்த மாதா படம் இப்போது இருக்கிறதா என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் சுண்டலை மறுப்பதற்கு முன்னால் தன் தாய் கொடுத்த ஜெபமாலையையும் அவர் எடுத்து வைத்திருக்கக்கூடும். இழந்தது நீங்கள் மட்டுமல்ல.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. என் அம்மா பக்கத்து வீட்டுப் பொங்கலை ஒருநாளும் மறுத்ததில்லை. காரணம், அந்த மாமி இரண்டு தூக்கு வைத்திருப்பார். நைவேத்தியம் செய்யும் முன்பே எங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டு, “இது படைக்காதது” என்று சொல்லிக் கொடுப்பார். அந்த ஒரு வார்த்தையில் இரண்டு வீட்டுச் சாமிக்கும் மரியாதை இருந்தது. நீங்கள் ஏன் இறங்கிப்போக வேண்டும் என்று தோன்றலாம். அப்படித் தோன்றினால் செய்யாதீர்கள். மனசில்லாமல் எடுத்துவைத்த சுண்டல் இரண்டு பேருக்கும் இறங்காது.

ஆஸ்பத்திரி விஷயம் வேறு. அங்கே நான் அக்கா பக்கம் இல்லை.

சபைகளில் “பாரம்” என்று ஒரு சொல் புழங்கும். “எனக்கு அந்த அண்ணா மேல ஒரு பாரம்” என்றால், அவருடைய ஆத்துமாவை நினைத்து என் நெஞ்சில் ஒரு கனம் இருக்கிறது என்று அர்த்தம். இதைப் பாசாங்கு என்று நினைத்துவிடாதீர்கள். எசேக்கியேல் என்ற தீர்க்கதரிசியின் நூலில் காவற்காரனைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஆபத்து வருவது தெரிந்தும் எச்சரிக்காவிட்டால், செத்தவனின் இரத்தப்பழி காவற்காரன்மேல் வரும். இதைப் பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டு வளர்கிறவருக்கு, சும்மா இருப்பதே பாவமாகத் தெரியும். உங்கள் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்தபோது அக்கா உண்மையிலேயே பயந்திருப்பார்.

எனக்கு அந்தப் பயம் தெரியும். இருபத்திரண்டு வயதில், நண்பன் ஒருவனின் அப்பா இறந்த வீட்டில், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே அவனைத் தனியாகக் கூப்பிட்டு இரட்சிப்பைப் பற்றிப் பேசினேன். பேசாவிட்டால் துரோகம் என்று மனசார நம்பினேன். அவன் பதில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பல வருஷம் என்னிடம் பேசவும் இல்லை. அவனுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது பாடையைத் தூக்க ஒரு தோள். அதைக் கொடுக்காமல் நான் என் பாரத்தை அவன்மேல் இறக்கி வைத்தேன்.

இதை அக்காவிடம் நீங்கள் சொல்லத்தான் வேண்டும், அவருக்கு விளங்கும் பாஷையில். பவுலின் அந்தக் கடிதத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் “இடறல்”. நடக்கிறவன் காலில் தட்டும் கல். படைத்ததைத் தின்னாதே என்று சொன்ன அதே பத்தாம் அதிகாரத்தின் முடிவில், யூதருக்கும் கிரேக்கருக்கும், அதாவது வெளியே இருப்பவர்களுக்கும், இடறலாக இருக்காதீர்கள் என்று பவுல் எழுதுகிறார். சுண்டலைத் தொடாதபடி அக்காவின் கையைப் பிடிக்கிற விதி, நோயாளியின் தலைமாட்டில் அவர் நாக்கையும் பிடிக்க வேண்டும். “அக்கா, நீங்க ஜெபம் பண்ணினது எங்களுக்கு ஆறுதலா இருந்தது. கடைசியா சொன்னது அவருக்கு இடறலாயிடுச்சு. ராத்திரி முழுக்க தூங்கலை” என்று சொல்லிப் பாருங்கள். வேறு எந்த வார்த்தையையும் அவர் வாதத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இந்த வார்த்தையைத் தட்ட அவரால் முடியாது.

எல்லாக் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் என்று உங்கள் மகன் நினைத்தால், குரோம்பேட்டையிலிருந்து இரண்டாவது ஸ்டேஷனில் நடந்த கதையை அவரிடம் சொல்லுங்கள். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்குக் குடிவந்தது 1937-ல். அடுத்த வருஷம் டிசம்பரில், உலகின் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கணக்கான பிரதிநிதிகள் அந்த வளாகத்தில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாட்டுக்காகக் கூடினார்கள். பிற மதங்களைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே பெரிய விவாதம். ஹென்ட்ரிக் கிரேமர் என்ற டச்சுக்காரர் மாநாட்டுக்கென்றே ஒரு தடித்த புத்தகம் எழுதியிருந்தார். கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் மற்ற மதங்களுக்கும் நடுவில் பாலமே கிடையாது என்பது அவர் கட்சி. அதை வெளிப்படையாக மறுத்தவர்கள் நம் சென்னைக்காரர்கள். பி. செஞ்சையா, வெங்கள் சக்கரை முதலானோர் தங்கள் மறுப்பைப் புத்தகமாகவே அச்சிட்டிருந்தார்கள். இருவரும் இந்துக் குடும்பங்களில் பிறந்தவர்கள். கிறிஸ்துவை ஏற்றதற்காக, தங்களை வளர்த்த இந்து மரபைத் தூக்கியெறிய மாட்டோம் என்றார்கள். சக்கரை தொழிற்சங்கத் தலைவர். பிறகு சென்னையின் மேயராகவும் இருந்தார். உங்கள் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு உள்ளேயே இன்னும் முடியாத வழக்கு. கீழ்வீட்டு அக்கா அதில் ஒரு கட்சி, அவ்வளவுதான்.

மகன் சொன்னதையும் விட்டுவிட முடியாது. “காசு குடுத்து மாத்திட்டாங்க” என்ற பேச்சு, கேட்கிறவர் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்த தமிழறிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1858-ல் கிறிஸ்தவரானார். பின்னாளில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார். அவரைக் காசு மாற்றவில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்தது. மனுஷியாக நிமிர்ந்து நடக்க இடம் கிடைத்ததால் சேர்ந்தவர்கள் அங்கே ஏராளம். சேர்ந்த இடத்திலும் சாதி கல்லறைவரை துரத்தியது என்பது எங்கள் வெட்கம். உங்கள் அக்கா போனது அவர் பிள்ளைக்காக. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மைக் விஷயத்தில் நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கியையும் டிரம் சத்தத்தையும் எதிர்த்துக் குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது 2000 ஆகஸ்ட் 30-ல் வந்த தீர்ப்பின் சாரம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது விதி. இது கோயில் திருவிழா குழாய்க்கும் பொருந்தும். அதையும் மறக்க வேண்டாம். ஆனால் சட்டத்தைக் காட்டிக்கொண்டு கீழே இறங்காதீர்கள். “மைக் மட்டும் வேண்டாம்க்கா, இவருக்கு நெஞ்சு படபடங்குது” என்றால் போதும். பாட்டும் கைத்தட்டலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும். கொலுவில் பாடும்போது கீழே கேட்பதுபோல.

மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. மற்றவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அவர் சொல்லலாம், நீங்கள் “போதும்க்கா” என்றும் சொல்லலாம். சொன்னபிறகும் விடாமல் சொன்னால், அதற்கு மேல் புரிந்துகொள்ளும் பொறுப்பு உங்களுடையதல்ல.

ஒன்று மட்டும் உங்களிடம் கேட்க வேண்டும். பிரசாதம், கம்மல், கேக், மைக் எல்லாம் கடிதத்தில் இருக்கின்றன. நாலு வருஷத்துக்கு முன்னால் நோயில் விழுந்த அந்தப் பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள், என்ன சொன்னார்கள், அந்தச் சபைக்காரர்கள் எந்த ராத்திரியில் வந்து அக்காவோடு உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? சுண்டலைப் பற்றியும் இடறலைப் பற்றியும் பேசப் போகும் முன்னால், ஒரு மத்தியான வேளையில் கீழே இறங்கிப் போய் அவனைப் பற்றிக் கேளுங்கள்.