தற்காலிகத் தலைநகரின் கட்டிடக்கலை

முதலாம் உலகப் போரின் பின்னர்த் தோன்றிய புதிய அரசுகள் பலவும் தத்தம் தலைநகரை அழகுறச் சமைக்க முற்பட்டன. அவற்றுள் லிதுவேனியாவின் நிலை விந்தையானது. 1918ஆம் ஆண்டு விடுதலையைப் பிரகடனஞ் செய்த அந்நாட்டின் தொன்மைத் தலைநகராகிய வில்னியூசை 1920இற் போலந்துப் படையினர் கைப்பற்றினர். எனவே 1940 வரை கௌனாஸ் நகரே ‘தற்காலிகத் தலைநகர்’ எனப் பெயர் பெற்று விளங்கிற்று. 1928ஆம் ஆண்டு அரசியலமைப்போ வில்னியூசையே தலைநகராகக் குறித்தது.

தற்காலிகமான ஊரிற் கல்லாலும் கொங்கிறீற்றாலும் நிலையான மாளிகைகள் எழுப்புதல் தகுமா? எழுப்பின், இழந்த நகரை மறந்தவராவர். எழுப்பாதொழியின், அரசுக்கு இருக்க இடமில்லை. கௌனாஸ் சார் மன்னர் காலத்திற் கோட்டை நகராயிருந்தமையால் அங்கே உயர்ந்த கட்டிடங்கள் அரிதாயிருந்தன.

1928இல் நிறைவெய்திய லிதுவேனிய வங்கி உரோமானியத் தூண்களுடன் நின்றது. பழைய பேரரசுகளின் ஆடையை இரவல் வாங்கி உடுத்தது போன்ற தோற்றம். அடுத்து வந்த மத்திய தபாற் கந்தோரிற் சிற்பி விஸ்பராஸ் புதுமுறை வடிவத்தைக் கைக்கொண்டு, தரையோடுகளில் நாட்டுப்புற நெசவுக் கோலங்களைப் பதித்தார்.

எமது கருத்தில் இவ்விரண்டினும் சிறந்தது ‘பியெனோசென்திராஸ்’ எனும் பாற்பண்ணைக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகமாகும். வெண்ணெய் விற்றுப் பிழைத்த உழவர் நாட்டுக்கு, உழவர் சங்கமே தலைநகரின் நடுவே மாளிகை கட்டுதல் எத்துணைப் பொருத்தம்! வளைந்த மூலையும் அகன்ற சாளரங்களும் அன்றி அதற்கு அலங்காரம் வேறில்லை. 1937ஆம் ஆண்டுப் பாரிசுக் கண்காட்சியில் அது வெண்கலப் பதக்கம் பெற்றது. அதனை வரைந்த லாண்ட்ஸ்பெர்கிஸ்-சேம்கல்னிசின் மைந்தரே 1990இல் நாட்டின் விடுதலையை மீண்டும் பிரகடனஞ் செய்த பாராளுமன்றத்தின் தலைவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

எனினும், 1926ஆம் ஆண்டுப் படைப்புரட்சியின் பின் மக்களாட்சி அங்கே நிலைக்கவில்லை. புதிய வீதிகளுக்கு அப்பால் ஏழைத் தொழிலாளர் மரக்குடில்களிலே வாழ்ந்தனர்.

1939 ஒக்டோபரில் வில்னியூஸ் திரும்பக் கிடைத்தது. எட்டு மாதங்களுக்குள் சோவியத்துப் படை புகுந்தது. விடுதலைக்கு நன்றியாக 1934இல் அடிக்கல் நாட்டப்பெற்ற உயிர்த்தெழுதல் தேவாலயம் வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையாயிற்று. 2004இலேதான் அது அபிஷேகஞ் செய்யப்பட்டது. 2023இல் யுனெஸ்கோ கௌனாசை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அக்காலக் கட்டிடங்களில் ஏறக்குறைய 6,000 இன்னும் நிற்கின்றன. அவற்றைக் கட்டி வாழ்ந்தோரிற் பலர் யூதர்; 1941 முதல் நிகழ்ந்த நாஜிகளின் கொலையில் அவருட் பெரும்பாலோர் மாண்டனர். வீடுகள் பிறர் கைக்கு மாறின.