ஒன்றுபோல் இருப்பதும் ஒன்றாக மாறுவதும்



கொல்லிமலை சோளக்காட்டு மிளகுக் கடைக்கு நீ எழுதிய பில் புரோகிராமை வரி வரியாகப் படித்தேன். கூடவே நீ எழுதியிருந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. காப்பி-பேஸ்ட் கூடாது என்று கல்லூரியில் சொன்னார்களாம். அதனால் ஒரே மாதிரித் தெரிந்த கணக்கையெல்லாம் ஒரே ஃபங்ஷனில் சேர்த்துவிட்டாயாம். எனக்குக் கோபம்தான் வந்தது. உன்மேல் இல்லை, பாதியைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடும் அந்தப் பாடத்தின்மேல்.

உன்னுடைய ‘சதவீதம்’ ஃபங்ஷனை எடுத்துக்கொள். மூட்டையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கடைக்காரர் 2.5 சதவீதம் கழிக்கிறார். மிளகுக்கு மத்திய ஜிஎஸ்டி 2.5, மாநில ஜிஎஸ்டி 2.5. பெருக்கல் ஒன்றுதானே என்று மூன்றையும் ஒரே இடத்தில் வைத்தாய். முதலாவது, கடைக்காரரும் விவசாயியும் பேசி முடிவு செய்வது. மழைக்காலத்தில் கூடும், வெயில் காலத்தில் குறையும். மற்ற இரண்டும் ஜிஎஸ்டி கவுன்சில் சொன்னால்தான் மாறும். எடையை கிராமுக்கு முழுமையாக்க வேண்டும், வரியைப் பைசாவுக்கு. இந்த வேறுபாடுகள் ஒவ்வொன்றாக வந்து இடித்ததும் நீ என்ன செய்தாய்? ‘இது வரியா?’, ‘இது எடையா?’, ‘இது ரிட்டர்னா?’ என்று ஃபங்ஷனுக்கு உள்ளீடுகளைக் கூட்டிக்கொண்டே போனாய். இப்போது அதற்குள் நுழைந்து ஒரு வரியை மாற்ற உனக்கே பயமாக இருக்கிறது என்கிறாய். இருக்காதா பின்னே?

அதே புரோகிராமில் வரி விதியோ பில் திரையில் ஒருமுறை, விற்ற சரக்கு திரும்பி வரும் ரிட்டர்ன் திரையில் ஒருமுறை, மாதக் கணக்கில் ஒருமுறை என்று சிதறிக் கிடக்கிறது. சேர்க்கக் கூடாததைச் சேர்த்தாய். சேர்க்க வேண்டியதை மூன்றாகப் பிரித்து வைத்தாய். பில் திரை 5 சதவீதத்தை மொத்தமாகக் கணக்கிட்டுப் பிறகு இரண்டாகப் பிரிக்கிறது. மாதக் கணக்கு இரண்டு 2.5-ஐயும் தனித்தனியாக முழுமையாக்கிக் கூட்டுகிறது. 1,001 ரூபாய்ச் சரக்குக்கு முதலாவது 50.05 என்கிறது, இரண்டாவது 25.03-ஐயும் 25.03-ஐயும் கூட்டி 50.06 என்கிறது. ஒரு பைசாதான். ஆனால் மாதம் முழுவதும் சேர்ந்தால் ஆடிட்டர் உன்னைத்தான் கூப்பிடுவார், உனக்கும் எந்தத் திரை சரி என்று சொல்லத் தெரியாது.

வியாபார நிரலில் விதிகள் மாறாமல் இருந்ததே இல்லை. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 அன்று மதிப்புக் கூட்டு வரியான வாட் வந்தது. 2011 ஜூலை 12 முதல் 4 சதவீதம் 5 ஆனது, 12.5 சதவீதம் 14.5 ஆனது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு அடுக்குகளுக்குள் வந்தன. இன்ஸ்டன்ட் காபி 18-லிருந்து 5-க்கு இறங்கியது. செப்டம்பர் 20-ல் விற்ற இன்ஸ்டன்ட் காபி பாட்டில் 25-ல் திரும்பி வந்தால் பழைய வரிவீதத்தில்தான் கழிக்க வேண்டும். ஆக, வரி விதிக்குப் பொருளின் பெயர் மட்டும் போதாது, விற்ற தேதியும் வேண்டும். மாநிலம் தாண்டிக் கொச்சிக்கு அனுப்பினால் மத்திய, மாநிலப் பாதிகள் இல்லை, ஒரே ஐஜிஎஸ்டி. ஆகவே ஊரும் வேண்டும். இன்னொன்று உன் மலைக்கே உரியது: விவசாயியே விற்கும் மிளகு, பச்சையோ காய்ந்ததோ, வரிக்கு உட்பட்டதல்ல என்று 2024 டிசம்பரில் கவுன்சில் தெளிவுபடுத்தியது. அதே மிளகை வியாபாரி விற்றால் 5. உன் நிரலிலோ ‘மிளகு என்றால் 5’ என்று மூன்று இடத்தில் அடித்து வைத்திருக்கிறாய். யார் விற்கிறார் என்று எங்கேயும் கேட்கவே இல்லை.

அப்படியானால் காப்பி எடுப்பதே தவறா? இங்கே எனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி 1949 மே 6 அன்று முதல் கணக்கைப் போட்டது. அதைக் கட்டிய வில்க்ஸும், அவருடன் வேலை செய்த வீலரும் கில்லும் 1951-ல் நிரல் எழுதுவது பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் முக்கியப் பொருளே துணை நிரல்களின் நூலகம்தான். சைன் கண்டுபிடிப்பது, வர்க்கமூலம் எடுப்பது என்று ஒவ்வொன்றும் துளையிட்ட தாள்நாடாவில் தனித்தனியாக இருக்கும். வேண்டியவர் அந்த நாடாவை இயந்திரத்தில் வைத்துத் தன் நாடாவுக்குப் பிரதி எடுத்துக்கொள்வார். கவனித்தாயா? மறுபயன்பாட்டின் முதல் நூலகமே காப்பி எடுப்பதில்தான் நடந்தது! கோபோல் நிரல் மொழியிலும் ‘காப்பி’ என்றே ஒரு கட்டளை உண்டு. வங்கிகளின் கணக்கு நிரல்கள் பல பதிவு வடிவங்களை அப்படித்தான் இழுத்துக்கொள்கின்றன. அங்கெல்லாம் சோதித்துப் பார்த்த மூலம் ஓரிடத்தில் இருந்தது, பிரதியை யாரும் கையால் திருத்தவில்லை. உன் மூன்று வரிக் கணக்குகளில் எது மூலம் என்று நீயே சொல்ல முடியாது. நான் குறை சொல்வது அதைத்தான்.

இரண்டாவதாக நீ தேடிப் படிக்க வேண்டியது டேவிட் பார்னஸ் 1972-ல் எழுதிய கட்டுரை. சொற்களின் அட்டவணை தயாரிக்கும் ஒரு சின்ன நிரலை அவர் இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, படி, அடுக்கு, அச்சிடு என்று வேலையின் வரிசைப்படி. மற்றது, எந்த முடிவு நாளை மாறக்கூடுமோ அந்த முடிவை ஒரு மாட்யூலுக்குள் மறைத்து. முதல் வகையில் ஒரு முடிவு மாறினால் பல மாட்யூல்களைத் திறக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதில் ஒன்றோடு முடிகிறது. நிரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. அதைப் படிக்காமல் மாட்யூல், மாட்யூல் என்று பேசுபவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மாட்யூலாக எழுதிவிட்டால் பாதுகாப்பு என்றும் நினைக்காதே. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் திசைமாறி நொறுங்கியது. ஏரியன் 4-ல் நன்றாக ஓடிய நிரலையே அதில் மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் அதிகம். அதைச் சார்ந்த 64 பிட் எண் ஒன்று 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. நிரல் பழையதேதான். அது நம்பியிருந்த எல்லை எங்கேயும் கண்ணில் படும்படி எழுதப்படவில்லை.

காபிக் கடைக்காரர் அதே மாதிரி பில் கேட்கிறார் என்றும் எழுதியிருந்தாய். பில்லின் அச்சு வடிவத்தைத் தாராளமாக நகலெடுத்துக்கொள். நாளைக்கு அவர் கடைப் படம் போடச் சொல்வார், மிளகுக் கடைக்காரர் தாளைச் சிறிதாக்கச் சொல்வார். இரண்டும் தனித்தனி வழியில் போகட்டும். வரி விதியை மட்டும் நகலெடுக்காதே. இரு கடைக்கும் அது ஒரே இடத்திலிருந்து வரட்டும்.

இப்போதைக்கு நிரலைத் தொடாதே. ஒரு தாளை எடுத்து கவுன்சில், கடைக்காரர், ஆடிட்டர், பிரிண்டர் என்று தலைப்பிடு. உன் நிரலில் ஒவ்வொருவர் சொல்லுக்கும் எந்தெந்த வரி மாறும் என்று அந்தந்தப் பெயருக்குக் கீழே எழுது. இரண்டு பெயருக்குக் கீழே ஒரே ஃபங்ஷன் வந்தால் அதைச் சுற்றி வட்டமிடு. அந்தத் தாளை எனக்கு அனுப்பு. மாட்யூல்களை எப்படிப் பிரிப்பது என்று அதை வைத்துப் பேசுவோம்.