இரண்டு மணிக்கு விழித்திருக்கும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

நடு இரவு இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது, அதன் பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே விடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே மனம் கனத்தது. மூளை அலைகளைப் பழக்கும் நியூரோஃபீட்பேக் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தூக்கத்துக்காகத் தரப்படும் இந்தப் பயிற்சி பூனைகளிடமிருந்து வந்தது. 1960களில் கலிபோர்னியாவில் பேரி ஸ்டெர்மன் என்ற ஆய்வாளர் பூனைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்துவந்தார். பூனை உடம்பை அசைக்காமல், ஆனால் விழிப்போடு காத்திருக்கும்போது விநாடிக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முறை துடிக்கும் ஓர் அலை எழுந்தது. அது எழும்போதெல்லாம் பால் கொடுத்தார். பாலுக்காகவே பூனைகள் அந்த அலையை வரவழைக்கப் பழகிக்கொண்டன. அப்படிப் பழகியவை இடையில் கலையாமல் நெடுநேரம் தூங்கின என்று 1970இல் அவர் குழு எழுதியது.

மனிதருக்குப் பாலுக்குப் பதில் கணினித் திரை. உச்சந்தலையில் பசை தடவி மின்முனையை ஒட்டுவார்கள். காது மடலில் இன்னும் இரண்டு. அந்த அலை கூடினால் திரையில் ஒரு பட்டை உயரும். அதை உயரத்திலேயே வைத்திருக்கப் பழகுவதுதான் பயிற்சி. வலி இல்லை, மாத்திரை இல்லை. ஆசை வருவது இயல்புதான்.

ஆனால் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். தூக்கமில்லாமல் தவித்தவர்களுக்கு உண்மைப் பயிற்சியும் போலிப் பயிற்சியும் கொடுத்தார்கள். எது எப்போது என்று பயிற்சி பெற்றவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டிலுமே 'இப்போது தேவலை' என்றார்கள். ஆனால் தூக்கத்தை அளந்து பார்த்தபோது உண்மைப் பயிற்சிக்கென்று தனிப் பலன் எதுவும் தென்படவில்லை. அவர்கள் உணர்ந்த ஆறுதல் பொய்யல்ல. அக்கறையோடு ஒருவர் கவனிப்பதும், நம்பிக்கையும் கொடுத்த ஆறுதலாக அது இருக்கலாம். அதற்காகச் சேமிப்பைக் கரைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது சிபிடி என்னும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. அதன் அடிப்படை எளிமையானது. தூக்கம் கண்ணைச் சுழற்றினால் மட்டும் படுங்கள். வரவில்லையா, எழுந்து வேறு அறைக்குப் போங்கள்; வந்த பிறகு திரும்புங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பகல் தூக்கம் வேண்டாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வந்தாலோ, வலிப்பு நோய் இருந்தாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் சிரமமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள்: அந்தச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் மாட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்