பலகையில் செதுக்கப் படம் தயாரித்தல்

கணினி இயக்கும் செதுக்கு இயந்திரங்கள் இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. தலைவாசல் கதவில் கஜலட்சுமி, பூஜையறைக் கதவில் மணியும் மாங்காயும் என்று தச்சர் உளி பிடித்துப் பல நாள் செய்த வேலையைச் சி.என்.சி. ரவுட்டர் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. எங்கள் பள்ளிக்கு அருகிலும் அப்படி ஒரு மரப்பட்டறை இருக்கிறது. கணித ஆசிரியரான நான் அங்கே போகத் தொடங்கியது கதவுக்காக அல்ல. பத்தாம் வகுப்பில் பார்வைத்திறன் முற்றிலும் இல்லாத மாணவி ஒருத்தி படிக்கிறாள். தோழிகள் பாடத்தை வாசித்துக் காட்டுவார்கள். ‘படத்தில் காண்க’ என்ற வரி வந்ததும் வாசிப்பவள் ஒரு நொடி தயங்குவாள், பிறகு அடுத்த பத்திக்குத் தாவிவிடுவாள். அந்தத் தாவலைக் குறைக்க வேண்டும் என்றுதான் வடிவியல் உருவங்கள், இதயத்தின் உள்ளமைப்பு, தமிழ்நாட்டு வரைபடம் ஆகியவற்றைத் தடவி அறியும் பலகைகளாகச் செய்யத் தொடங்கினோம்.

இணையத்தில் படம் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் இயந்திரம் செதுக்கிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இயந்திரத்துக்குப் படம் தெரியாது, பாதைதான் தெரியும். ‘இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு, இவ்வளவு ஆழத்தில், இந்த வேகத்தில் போ’ என்ற கட்டளைகளின் வரிசையே அதன் மொழி. ‘ஜி1 எக்ஸ்40 ஒய்30 இசட்-2’ என்றால் வெட்டும் முனை (40, 30) என்ற புள்ளிக்கு, பலகையின் மேற்பரப்பிலிருந்து 2 மி.மீ. கீழே இருந்தபடி, நேர்கோட்டில் போக வேண்டும் என்று பொருள். ஆயத்தொலை வடிவியல் நடத்தும்போது இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். ‘இதெல்லாம் எதுக்கு டீச்சர்?’ என்ற கேள்வி அன்று வராது.

செல்பேசியில் எடுக்கும் படமும் ஜேபெக் கோப்பும் வண்ணப் புள்ளிகளால் ஆனவை. பெரிதாக்கினால் ஓரங்கள் படிக்கட்டாகும். கறுப்புக் கோட்டைச் சுற்றிச் சாம்பல் நிற அழுக்கும் தெரியும். எஸ்.வி.ஜி., டி.எக்ஸ்.எஃப். வகைக் கோப்புகள் கோடுகளாகவும் வளைவுகளாகவும் சேமிக்கப்பட்டவை. எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. நமக்கு வேண்டியது இரண்டாவது வகை. நேரடியாகக் கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

எங்கே தேடுவது? விக்கிமீடியா பொதுவகத்தில் மாநில, மாவட்ட எல்லை வரைபடங்கள், உடலுறுப்புப் படங்கள் பல எஸ்.வி.ஜி. வடிவிலேயே உள்ளன. ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் அதன் உரிமம் எழுதியிருக்கும். ஓப்பன்கிளிப்பார்ட் தளத்தில் உள்ளவை பொதுவுடைமையாக விடப்பட்டவை, யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். உரிமத்தைப் பார்ப்பதை மாணவர்களுக்கும் பழக்கிவிட வேண்டும். ‘கூகுளில் இருந்தது’ என்பது உரிமம் ஆகாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகளுக்கு அவர் படைப்பின் உரிமை தொடர்கிறது. கற்பித்தலின்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதற்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அதே படத்தைச் சாவிக்கொத்தாகச் செதுக்கிப் பள்ளி விழாவில் விற்பது வேறு கதை.

தேடும்போது அழகான படத்தில் கை போகும். அங்கேதான் நிதானம் வேண்டும். நிழல், வண்ணச்சாயல், முப்பரிமாணத் தோற்றம் எல்லாம் கண்ணுக்கானவை, பலகைக்கு உதவாதவை. கறுப்பு வெள்ளையில், தெளிவான வெளிக்கோட்டுடன், உள்விவரம் குறைவாக இருக்கும் படமே நல்ல படம். இதயப் படத்தில் எங்களுக்கு வந்த சிக்கல் இது. வண்ணப் படத்தில் ஆக்ஸிஜன் நிறைந்த பகுதி அடர்சிவப்பு, குறைந்த பகுதி அடர்நீலம். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் இரண்டுமே கறுப்பாகி, இதயத்தின் இரு பக்கங்களையும் பிரிக்கும் சுவர் காணாமல் போகிறது. எனவே மாணவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து வெளிக்கோடுகளை மட்டும் புதிதாக வரைந்தார்கள். நிறத்துக்குப் பதிலாக, நீலப் பகுதியில் சாய்வுக் கோடுகள் போட்டோம். சிவப்புப் பகுதியை வழவழப்பாக விட்டோம்.

உண்மையில், மாணவர்கள் வரைவதே பெரும்பாலும் சிறந்த படம். வெள்ளைத் தாளில் கறுப்பு மார்க்கரால் வரையச் சொல்லுங்கள். வருடி இருந்தால் 300 டி.பி.ஐ. போதும். செல்பேசி என்றால் தாளுக்கு நேர் மேலிருந்து, நம் நிழல் விழாமல் எடுக்க வேண்டும். சரிந்து எடுத்தால் வட்டம் முட்டையாகிவிடும்.

அடுத்தது புள்ளிப் படத்தைப் பாதையாக்குவது. இங்க்ஸ்கேப் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்குப் போதும்; விலை கிடையாது. படத்தை உள்ளே கொண்டுவந்து ‘டிரேஸ் பிட்மேப்’ கொடுத்தால் கறுப்புப் பகுதியின் ஓரங்களைப் பாதையாக எடுத்துத் தரும். ஒளிர்வு எல்லையைச் சற்று ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். குறைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகும். கூட்டினால் அழுக்கும் சேர்ந்து வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்க்கர் கோட்டுக்குத் தடிமன் உண்டு. ஓரங்களைத் தேடும் மென்பொருள் ஒரு கோட்டுக்கு இரண்டு ஓரங்களைக் காண்கிறது. சிக்குக் கோலம் ஒன்றைக் கொண்டுபோனபோது பட்டறைக்காரர் திரையைக் காட்டிச் சொன்னார்: “டீச்சர், கோடு ரெண்டு ரெண்டா இருக்கு பாருங்க. மெஷின் போயிட்டு திரும்பியும் வரும். நடுவுல மரம் நூல் மாதிரி நிக்கும், தொட்டா உதிரும்.” கோலம்போல ஒற்றைக் கோடு வேண்டிய படங்களுக்கு ‘சென்டர்லைன்’ என்ற நடுக்கோட்டு முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப் 1.0 முதல் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. இலை, பறவை, வரைபடம் போல நிரப்பிய வடிவங்களுக்கு ஓர முறையே சரி.

கிடைத்த பாதையில் முனைப்புள்ளிகள் ஏராளமாக இருக்கும். கையால் வரைந்த ஒரு மாவிலையில் ஆயிரத்துக்கும் மேல் எண்ணினோம். அப்படியே அனுப்பினால் இயந்திரம் ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கித் தயங்கிப் போகும், ஓரமும் நடுங்கியிருக்கும். ‘சிம்ப்ளிஃபை’ கட்டளையை ஓரிரு முறை கொடுத்தால் குறைந்துவிடும். மேலும் கொடுத்தால் இலையின் கூர்முனை மழுங்கும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை மாணவர்களே தீர்மானிக்கட்டும், அது நல்ல பயிற்சி. பாதையில் எங்காவது இடைவெளி இருந்தால் ‘உள்ளே’, ‘வெளியே’ என்ற பேதம் இயந்திரத்துக்குத் தெரியாது. எனவே நிரப்பிச் செதுக்க வேண்டிய வடிவங்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இனி கணக்கு. 3 மி.மீ. விட்டமுள்ள முனை 3 மி.மீ.க்குக் குறைவான சந்தில் நுழையாது. உள்மூலை எதுவும் 1.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளைந்தே வரும். இதைக் கண்டுபிடிக்கப் படத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, 3 மி.மீ. துளையிடும் முனை ஒன்றைச் சந்துகளில் வைத்துப் பார்ப்போம். கூர்மையான மூலை வேண்டுமென்றால் ‘வி’ வடிவ முனை. 90 பாகை ‘வி’ முனையால் 6 மி.மீ. அகலக் கோடு வேண்டும் என்றால் ஆழம் 3 மி.மீ. ஆகும். 60 பாகை முனை என்றால் 3ஐ டேன் 30 ஆல் வகுக்க, ஏறத்தாழ 5.2 மி.மீ. முக்கோணவியலில் ஏணியும் கோபுரமும் தவிர வேறு எடுத்துக்காட்டு தேடுபவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

தடவி அறியும் படத்துக்கு இன்னொரு விதியும் உண்டு. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகள் 2 அல்லது 3 மி.மீ.க்கும் நெருங்கிவிட்டால் விரல்நுனிக்கு அவை ஒன்றாகவே படும். ஆகவே கண்ணுக்குப் போதுமான இடைவெளி விரலுக்குப் போதாது. எங்கள் வரைபடத்தில் கடற்கரையின் சிறு வளைவுகளை எல்லாம் நேராக்கினோம், ஆறுகளில் காவிரி, வைகை, தாமிரபரணி ஆகியவற்றை மட்டும் வைத்தோம். ஒரு மாணவனுக்கு வருத்தம்: “எங்க ஊரு ஆறு இல்லையே, டீச்சர்!” அதற்கு இன்னொரு பலகை செய்யலாம் என்றோம். பிரெயில் எழுத்தை மட்டும் இயந்திரத்திடம் விடவில்லை. அதன் புள்ளிகளுக்கு இடையிலான தூரம் சுமார் 2.5 மி.மீ.தான். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் தடித்த தாளில் குத்தித் தந்த பெயர்களை வெட்டி ஒட்டினோம்.

கோடு எழும்பியிருக்க வேண்டுமா, பள்ளமாக இருக்க வேண்டுமா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள், செலவு அதில்தான் இருக்கிறது. பள்ளம் என்றால் முனை கோட்டின் மேல் ஒரு முறை போனால் போதும். கோடு எழும்பி நிற்க வேண்டுமென்றால் மற்ற இடம் முழுவதையும் சீவ வேண்டும். 300 மி.மீ. சதுரப் பலகையை 6 மி.மீ. முனையால், 3 மி.மீ. நகர்த்தி நகர்த்திச் சீவினால் 100 ஓட்டங்கள். மொத்தம் 30 மீட்டர். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் 15 நிமிடம். அதன்பின் நெருக்கமான இடங்களுக்குச் சிறிய முனையை மாற்ற வேண்டும். பட்டறையில் கூலி நேரத்துக்குத்தான் என்பதால், இந்தக் கணக்கை வகுப்பிலேயே போட்டுவிட்டுத்தான் போவோம். எழும்பிய கோடு 2 மி.மீ.க்குக் குறைந்தால் எம்.டி.எஃப். பலகையில் உதிர்ந்துவிடும். கோலத்துக்கும் எண்கோட்டுக்கும் பள்ளமே நல்லது, விரல் வழிதவறாது.

தமிழில் பெயர் செதுக்குவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். எழுத்துருவை அப்படியே அனுப்பினால் பட்டறைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது. கட்டம் கட்டமாகத் தெரியும். ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைப் பாதையாக்கிவிடுங்கள். ஊடுருவ வெட்டும்போது க, ச, த ஆகியவற்றின் மூடிய வயிற்றுக்குள் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும். எழுத்தையே தனியாக வெட்டி எடுத்தால் மெய்யெழுத்தின் புள்ளி பறந்துவிடும். சிறு பாலம் வரைந்து இணைக்கலாம், அல்லது பின்பலகையில் ஒட்டலாம்.

கோப்பை டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமித்துக் கொடுக்கும்போது மொத்த அகலம், உயரம், ஆழம் மூன்றையும் மி.மீ. என்று எழுதிய தாளும் கூடவே போகட்டும். அந்தக் கோப்பில் 300 என்று இருப்பதை மில்லிமீட்டர் என்றும் திறக்கலாம், அங்குலம் என்றும் திறக்கலாம். பட்டறைக்கு மாணவர்களை அழைத்துச் சென்றால் தூரத்தில் நின்றே பார்க்கட்டும், முகக்கவசம் கட்டாயம். எம்.டி.எஃப். தூள் மிக நுண்மையானது.

இதயப் பலகையை முதலில் தொட்டவள் அந்த மாணவிதான். வெளிக்கோட்டை ஒரு சுற்று சுற்றினாள். சாய்வுக்கோட்டுப் பகுதியில் விரல் நின்றது. பிரெயில் பெயரைப் படித்தாள். “வலது வெண்ட்ரிக்கிள்னு இருக்கு. ஆனா என் இடது கைப்பக்கம் இருக்கே, டீச்சர்?” என்றாள். கண்ணால் படம் பார்த்துப் படித்த எந்த மாணவரும் இத்தனை ஆண்டுகளில் அதைக் கேட்டதாக எங்கள் அறிவியல் ஆசிரியருக்கு நினைவில்லை. எதிரே நிற்பவரின் இதயமாக அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் விளக்கினார். அவள் பலகையைத் தூக்கி, செதுக்கிய பக்கம் வெளியே இருக்கும்படி தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு மறுபடியும் தடவிப் பார்த்தாள். அடுத்ததாகச் சிறுநீரகப் பலகை கேட்டிருக்கிறாள். நெஃப்ரானின் வளைந்த நுண்குழலை 3 மி.மீ. முனைக்குள் எப்படி அடக்குவது என்று இரண்டு மாணவர்கள் இப்போது வரைந்துகொண்டிருக்கிறார்கள்.