கணனி இயங்காவிட்டால் கணக்குகளை மீட்பது எப்படி?

இன்று கிராமங்களிலுள்ள மாதர் சங்கங்களும் கடனுதவிச் சங்கங்களும் பல தமது கணக்குகளைக் கணனியிலேயே எழுதி வைக்கின்றன. அங்கத்தவர் சேமித்த பணம், பெற்ற கடன், கட்டவேண்டிய தவணை யாவும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஒருநாள் காலையில் அக்கணனி இயங்க மறுத்தால் என்ன நடக்கும்? யார் எவ்வளவு கட்டினார் என்ற பேச்சு எழும். பேச்சு சந்தேகமாகும், சந்தேகம் சங்கத்தையே குலைத்துவிடும். ஆகவே இது வெறும் இயந்திரக் கோளாறு அன்று. மக்களின் சேமிப்பையும் நம்பிக்கையையும் பற்றிய விடயமாகும்.

நாம் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கணனி வேறு, கோப்புகள் வேறு. கோப்புகள் வன்தட்டு என்னும் தனி உறுப்பில் பதியப்பட்டுள்ளன. மின்வழங்கியோ தாய்ப்பலகையோ பழுதுபட்டால் கணனி இயங்காது. ஆனால் வன்தட்டில் உள்ளவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அலுமாரியின் பூட்டுப் பழுதானால் உள்ளே இருக்கும் பேரேடு அழிந்துவிடுமா?

செய்யக் கூடாதவை

திருத்தக் கொண்டுசென்றால், "விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தருகிறோம்" என்று சொல்வதுண்டு. அவசரப்பட்டுச் சம்மதிக்கக் கூடாது. புதிதாகப் போடும்போது பழைய கோப்புகள் இருந்த இடத்தில் புதியவை எழுதப்பட்டுவிடலாம். முதலில் பிரதி எடுத்தல், பின்னரே திருத்துதல் என்பதை விதியாகக் கொள்வோம்.

வன்தட்டிலிருந்து 'டிக், டிக்' என்ற சத்தம் வந்தால் உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தால் சேதம் கூடும். தட்டைத் திறந்து பார்க்கவும் கூடாது. சிறு தூசியே அதைக் கெடுத்துவிடும். தரவு மீட்பையே தொழிலாகச் செய்வோரிடம் அதை ஒப்படைப்பதே நல்லது.

செய்ய வேண்டியவை

1. பழுது எங்கே என்று பாருங்கள். விசிறி சுழலாவிட்டால் பிளக், வயர், மின்வழங்கி ஆகியவற்றைச் சோதியுங்கள். விசிறி சுழன்றும் திரை இருண்டிருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு நினைவகப் பலகையைக் கழற்றி மீண்டும் பொருத்திப் பார்க்கலாம். திரையில் பிழைச்செய்தி வந்தால் அதை அப்படியே எழுதி வையுங்கள்.

2. விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால், வேறொரு கணனியில் உபுண்டு என்னும் இலவச லினக்ஸை 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ் ஒன்றில் ஏற்றுங்கள். அதைப் பழுதான கணனியில் செருகி இயக்கும்போது, டெல் கணனிகளில் பொதுவாக எஃப்12, எச்.பி. கணனிகளில் எஃப்9 சாவியை அழுத்தினால் பென்டிரைவைத் தெரிவு செய்யலாம். பின்னர் 'டிரை உபுண்டு' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'இன்ஸ்டோல்' என்பதைத் தொடாதீர்கள். விண்டோஸ் இருந்த தட்டைத் திறந்து, 'யூசர்ஸ்' என்னும் உறையினுள் உள்ள கோப்புகளை வேறொரு தட்டுக்குப் பிரதி செய்யுங்கள்.

3. கணனியே இயங்காவிட்டால் வன்தட்டைக் கழற்றி, யூ.எஸ்.பி. இணைப்பி மூலம் வேறொரு கணனியில் பொருத்தலாம். மடிகணனியின் 2.5 அங்குலத் தட்டுக்கு யூ.எஸ்.பி. மின்சாரம் பொதுவாகப் போதும். மேசைக்கணனியின் 3.5 அங்குலத் தட்டுக்குத் தனி மின்வழங்கி வேண்டும். தட்டை 'ஃபோமட்' செய்யவா என்று கணனி கேட்டால், வேண்டாம் என்றே பதில் கொடுங்கள்.

4. புதிய விண்டோஸ் கணனிகள் பலவற்றில் பிட்லொக்கர் என்னும் பூட்டு உண்டு. தட்டைக் கழற்றினாலும் 48 இலக்க மீட்புச் சாவியின்றி அது திறக்காது. கணனி நன்றாக இயங்கும்போதே அச்சாவியைத் தேடி எழுதி, சங்கத்தின் பணப்பெட்டியில் வையுங்கள்.

5. கோப்புகள் தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஆகிய இலவசச் செயலிகள் உதவலாம். ஃபோட்டோரெக் மீட்கும் கோப்புகளுக்குப் பழைய பெயர் இராது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். மீட்டவற்றை அதே தட்டில் சேமிக்கக் கூடாது. எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகள் அழிக்கப்பட்டவற்றின் இடத்தைத் தாமாகவே துப்புரவு செய்துவிடுவதால், அவற்றில் மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

ஒன்றும் மீளாவிட்டால்?

அப்போதும் வழியுண்டு. அங்கத்தவரின் சேமிப்புப் புத்தகங்கள், பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள், வங்கிக் கூற்றுகள் ஆகியவற்றை ஒன்றுதிரட்டி, பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் பேரேட்டைத் திரும்ப எழுதலாம். கணனி வந்துவிட்டது என்று கடதாசிப் புத்தகத்தைக் கைவிட்ட சங்கத்துக்கு இவ்வழி இல்லை.

2022 மார்ச் இறுதியில் எமது நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கோப்பு பழுதடையலாம். ஆகவே முக்கியமான கணக்குக்கு 3 பிரதிகள் இருக்கட்டும். அவை 2 வகையான சாதனங்களில் இருக்கட்டும். அவற்றுள் 1 வேறொரு கட்டிடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அப்பிரதியைத் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்பியிருக்க முடியாது.

கலந்துரையாடலுக்கு

• எமது சங்கத்தின் கணக்குக்கு இப்போது எத்தனை பிரதிகள் உண்டு? அவை யாரிடம் உள்ளன?
• கடவுச்சொல்லும் மீட்புச் சாவியும் ஒருவருக்கு மட்டுமா தெரியும்?
• நாளைக்கே கணனி நின்றுவிட்டால், ஒவ்வோர் அங்கத்தவரின் மீதியையும் நாம் எவ்வாறு நிரூபிப்போம்?